உப்புக் கொல்லையில் பெத்ராவ்

அபிஷேகப்பாக்கத்தில் அந்தக் கிழங்குக்கு நாலு பெயர் இருந்தது. அதில் மூன்று, அதை வையும் பெயர்கள். ஆண்கள் ரத்தக்கிழங்கு என்றார்கள். பெண்கள் சாயக்கிழங்கு என்றார்கள். மாடு மேய்ப்பவர்களுக்கு அது வெள்ளைக்காரன் முள்ளங்கி. புதுச்சேரியில் வெள்ளைக்காரர் வீட்டுக் குசினி என்கிற சமையல்கட்டுகளில் மட்டும்தான் பெத்ராவ் என்று அதன் சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். செல்லக்கண்ணுவும் பெத்ராவ் என்றுதான் சொன்னாள். கேட்டால், "அது பொறந்த வூட்ல வெச்ச பேரு. அத மாத்தறதுக்கு நாம யாரு?" என்பாள்.

அவளுக்குப் பிறந்த வீடும் கிடையாது, புகுந்த வீடும் பேருக்குத்தான். புருஷன் ஆதிமூலம் சைகோனுக்குக் கப்பலேறிப் போனான், போனவன் போனவன்தான். ஒரு கடுதாசிகூட வரவில்லை. செல்லக்கண்ணு சுப்பராயலுவின் வயல்களில் நடவு நட்டும் களை பறித்தும் வயிற்றைக் கழுவினாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்காகவே நடவு வரிசையில் அவளைக் கடைசியில் நிறுத்துவார்கள்.

சுப்பராயலு நெல்லும் கரும்பும் விளைவிக்கிற பெரிய மனிதர். வெள்ளைக்காரர்களோடு கை குலுக்குவதில் அவருக்கு அலாதிப் பிரியம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் புதுச்சேரி வெள்ளைக்கார நீதிபதியின் பெண்சாதியான மதாமுக்குப் பெத்ராவ் மேல் ஆசை வந்தது. டப்பாவில் வருவது பிடிக்கவில்லை, மண்ணிலிருந்து பிடுங்கியதுதான் வேண்டும் என்றாள். அந்த வீட்டுக் குசினிக்காரர் இன்னாசிமுத்து, சீமையிலிருந்து வந்த விதைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து சுப்பராயலுவின் கையில் கொடுத்தார். மதாமின் கிழங்கைத் தன் வயலில் விளைவித்துக் காட்டிவிட்டால் துரைமார் மத்தியில் தன் பெயர் எங்கேயோ போய்விடும் என்று சுப்பராயலு கணக்குப் போட்டார்.

நெல் விளைகிற ஊரில் விதை என்றால் என்ன செய்வார்கள்? நாற்று விட்டார்கள். முளைத்ததும் பிடுங்கி முடி கட்டினார்கள். சேறடித்த வயலில் நாலு விரல் உயரத்து நாற்றை, வேரை மடக்கிக் கட்டைவிரலால் அழுத்தி, வரிசை பிசகாமல் நட்டார்கள். நடவு பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு மாதம் கழித்துப் பிடுங்கியபோது ஒவ்வொரு கிழங்கும் தூண்டில் முள்ளைப்போல வளைந்து, இரண்டு மூன்று காலாகப் பிரிந்து, சுண்டுவிரல் பருமனில் வந்தது. பாதி சேற்றிலேயே அழுகிவிட்டது. அதைக் கூடையில் போட்டு மதாமிடம் கொண்டுபோய்க் காட்டுகிற தைரியம் சுப்பராயலுவுக்கு இல்லை.

"வேர மடக்கி நட்டா அது எப்பிடி உருளும்? இது நெல்லு இல்ல ஆண்டே, முள்ளங்கி சாதி. வெதையா ஊணணும்" என்று கடைசி வரிசையிலிருந்து செல்லக்கண்ணு சொன்னாள்.

சுப்பராயலுவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "ஓகோ! நீதான் மதாமோட தோட்டக்காரியா? இந்தா, மிச்ச வெதைய நீயே வெச்சிக்க. சுண்ணாம்பாத்துப் பக்கம் உப்புக் கொல்ல கெடக்குது பார், அதுல ஊணு. பெத்ராவு வெளையிற வரைக்கும் அந்தக் கொல்ல உன் கையில. வெளையலன்னா வாய மூடிக்கிணு நடவுக்கு வா."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதுதான். அந்த முப்பது குழி நிலத்தில் ஆற்றின் உவர்நீர் ஊறி ஊறி, கோடையில் தரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். ஆனால் பெத்ராவ் அந்த உப்பைக் கண்டு பயப்படவில்லை. அதன் பூர்வீகமே கடற்கரைதான் என்பது செல்லக்கண்ணுவுக்கும் தெரியாது, சுப்பராயலுவுக்கும் தெரியாது. அவள் மண்ணைக் கரையாக அணைத்து, சாணமும் சாம்பலும் போட்டு, விதையைக் கரையின் மேல் ஊன்றினாள். ஒவ்வொரு விதையிலிருந்தும் மூன்று முளை, நாலு முளை எனக் கூட்டமாகக் கிளம்பின. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று அவளுக்கே புரிந்தது. நாற்றை நட்டே பழகிய கைக்கு நாற்றைப் பிடுங்கி எறிய மனசு வருமா? முதல் நாள் அழுதேவிட்டாள். மறுநாள் அந்தப் பிடுங்கிய செடிகளைக் கீரையாகக் கடைந்து தின்று பார்த்தாள். நன்றாக இருந்தது. அப்புறம் அழவில்லை.

அந்தத் தையில் பந்துபோல உருண்ட கிழங்குகள் மதாமின் மேசைக்குப் போயின. மதாம் கையைத் தட்டினாளாம். இன்னாசிமுத்து வந்து சொன்னார். அடுத்த வருஷம் இன்னும் நாலு வீட்டுக் குசினிகளிலிருந்து ஆள் வந்தது. விளைச்சலில் பாதி ஆண்டேவுக்கு, பாதி அவளுக்கு. செல்லக்கண்ணு நடவு வரிசைக்குத் திரும்பவேயில்லை.

எல்லாமே ஜெயம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு ஆடியில் வீராம்பட்டினத்துச் செங்கழுநீரம்மன் தேருக்குப் போக ஆசைப்பட்டு, தன் வெள்ளைச் சேலையைப் பருவம் தப்பி விளைந்த பெத்ராவின் சாற்றில் முக்கிச் சாயம் ஏற்றினாள். காலையில் கிளம்பும்போது சேலை செக்கச்செவேலென்று மின்னியது. "பட்டா செல்லக்கண்ணு?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். வெயில் ஏற ஏறச் சிவப்பு மங்கியது. வேர்வை பட்ட இடம் பழுப்பானது. தேர் நிலைக்கு வரும்போது பழைய அரிசிச் சாக்கைச் சுற்றிக்கொண்டவள் போல நின்றாள். அது உண்மையான சாயம் இல்லை, ஒரே நாளில் ஓடிப்போகிற சாயம் என்று அன்றைக்கு அவள் கற்றாள். ஊருக்கு அது ஒரு வருஷத்துச் சிரிப்புக்குப் போதுமாக இருந்தது.

இன்னொரு தோல்வி இதைவிடப் பெரியது. வருஷா வருஷம் நல்ல கிழங்காக நாலைப் பிடுங்காமல் விதைக்கு விடுவாள். முள்ளங்கியை அப்படி விட்டால் பூத்துக் காய்த்துவிடும். பெத்ராவ் மட்டும் பூக்காது. பங்குனி வெயிலில் இலை காய்ந்து, கிழங்கு கட்டையாகிச் செத்துப்போகும். பதிமூன்று வருஷம் விட்டுப் பார்த்தாள். ஒரு பூ இல்லை. ஒவ்வொரு முறையும் கப்பலில் வரும் சீமை விதைக்குத்தான் கையேந்த வேண்டியிருந்தது.

நாற்பதாம் வருஷம் ஜெர்மன்காரன் பாரீசுக்குள் புகுந்தான். கப்பல் நின்றது. விதை நின்றது. டப்பாவின் அடியில் மிச்சமிருந்ததை அந்த ஐப்பசியில் ஊன்றி, தையில் கடைசிப் பயிரை எடுத்துக்கொண்டிருந்தாள் செல்லக்கண்ணு. கொம்யூன் என்கிற ஊராட்சித் தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட சுப்பராயலு, அதன் தலைவரான மேரைக் கூட்டிக்கொண்டு வயலைச் சுற்றிக் காட்ட வந்தார். கூடவே பத்துப் பேர்.

உப்புக் கொல்லையின் மண்ணைச் சுப்பராயலு காலால் கிளறிப் பார்த்தார். பதிமூன்று வருஷச் சாணமும் சாம்பலும் தின்ற மண். கறுப்பாக, பொலபொலவென்று கிடந்தது. உப்பு எங்கே போயிற்றென்று தேட வேண்டியிருந்தது.

"மண்ணு நல்லாத்தான் ஆயிடுச்சி. வர்ற வருஷம் இதுல கரும்பு வெக்கப்போறேன்" என்றார்.

செல்லக்கண்ணு கூடையைக் கீழே வைத்தாள். "பெத்ராவு வெளையிற வரைக்கும் என் கையிலன்னு சொன்னீங்க ஆண்டே."

"சொன்னேன். வெதைக்கு எங்க போவ? கப்பல் வருமா? இல்ல, உன் கெழங்குதான் பூக்கப்போவுதா?"

"பூக்கும்."

கேட்டவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேரும் சிரித்தார். மேர் சிரித்ததும் சுப்பராயலுவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. தேர்தல் நேரம், பத்துப் பேர் முன்னால் தாராளமாகத் தெரிய வேண்டும். "கேட்டுக்கங்கப்பா! கப்பல் வெத இல்லாம, அடுத்த தையில இந்தக் கொல்ல நெறைய இவ பெத்ராவு எடுத்துக் காட்டட்டும். முப்பது குழியையும் நொத்தேர்கிட்டப் பத்திரம் பண்ணி இவ பேருக்கே எழுதி வெக்கிறேன். மேர்தான் சாட்சி. எடுக்கலன்னா நடவுக்கு வந்துடணும்" என்றார்.

சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பூக்கும் என்று எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று செல்லக்கண்ணுவுக்கே தெரியவில்லை. மறுநாள் கூடையோடு புதுச்சேரிக்குப் போனவள், குசினி வாசலில் உட்கார்ந்து இன்னாசிமுத்துவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

இன்னாசிமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். "இரும்மா. மதாம் ஒருவாட்டி சொல்லிச்சி. அவுங்க ஊர்ல பெத்ராவ மொத வருஷம் பிடுங்கி, குளிர்ல மண்ணுக்குள்ள பொதைச்சி வெப்பாங்களாம். குளிர் போனப்பறம் திரும்ப நட்டாத்தான் பூக்குமாம். குளிரு படாம அது வயசுக்கு வராதாம்."

"நம்மூர்ல ஏதுண்ணே குளிரு?"

"நம்மூர்ல இல்ல. எம் பொண்ணு தனக்கொடி இருக்கிற ஊர்ல இருக்குதே!"

தனக்கொடியின் புருஷன் ஊட்டியில் ஒரு பங்களாவில் தோட்டக்காரன். பேரப்பிள்ளையைப் பார்க்க இன்னாசிமுத்து அந்த வாரமே கிளம்புவதாக இருந்தார். செல்லக்கண்ணு அங்கேயே எழுந்து நின்றாள். "நானும் வரேன்" என்றாள். அதுவரை அவள் ரயிலில் ஏறியதே இல்லை.

கடைசிப் பயிரில் இருபத்துநாலு கிழங்கு பொறுக்கினாள். இலைக்குருத்து சேதமாகாமல் விட்டாள், அது சரி. ஆனால் பழக்க தோஷம் யாரை விட்டது? சந்தைக்கு முள்ளங்கி கொண்டுபோகிற மாதிரி, வால் வேரை எல்லாம் அரிவாளால் நறுக்கி அழகுபடுத்தினாள். வாடக்கூடாதென்று நாற்றுமுடிக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல சாக்கை நன்றாக நனைத்தாள். வில்லியனூர் ஸ்டேஷனில் ஏறும்போது சாக்கு ஈரமாகத்தான் இருந்தது. எல்லை தாண்டி முதல் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல சிவப்பு.

புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரும் வண்டி என்றாலே இங்கிலீஷ்காரன் சுங்கக்காரர்களுக்கு மூக்கு வியர்க்கும். சாராயமும் ஒயினும் என்னென்ன வேஷத்தில் எல்லை தாண்டும் என்று அவர்களுக்கு அத்துப்படி. சொட்டுகிற சாக்கைக் கண்டதும் ஒரு சேவகன் ஓடி வந்தான்.

"ஒயினு பாட்டில் ஒடஞ்சிருக்குது! எறக்குடா சாக்க!" என்று கத்திக்கொண்டே அரிசி மூட்டை சோதிக்கிற குத்தூசியை எடுத்துச் சாக்கில் இரண்டு குத்துக் குத்தினான். ஊசி வெளியே வந்தபோது அதுவும் சிவப்பு. கூட்டம் கூடிவிட்டது. இன்னாசிமுத்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிப் பக்கம் நகர்ந்தார்.

மூன்றாவது குத்துக்குக் கை ஓங்கும்போது செல்லக்கண்ணு சாக்கின் மேல் குப்புற விழுந்தாள்.

"குத்தாத சாமி! குத்துன கெழங்கு அழுவிப்பூடும்! ஒயினும் இல்ல கியினும் இல்ல, பெத்ராவு!"

"பெத்ராவா? அது இன்னா, பிரெஞ்சுக்காரன் சரக்கா?"

அந்தப் பெயர் அங்கே வேலைக்கு ஆகவில்லை. பிரெஞ்சுச் சொல் என்றதும் சந்தேகம்தான் கூடியது. மேலதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "எல்லாத்தையும் அறுத்துப் பார். நடுவில குடைஞ்சி குப்பி வெச்சிருப்பாங்க" என்றார்.

எல்லாவற்றையும் அறுத்தால் கொல்லையும் போயிற்று, எல்லாமும் போயிற்று. செல்லக்கண்ணு எழுந்து சாக்கின் வாயை அவிழ்த்தாள். "ஒண்ணே ஒண்ணு எடுங்க சாமி. நீங்களே எடுங்க, எது வோணுமோ அது. அதுல ஒயினு இருந்தா என்னியத் தூக்கி உள்ள போடுங்க."

அதிகாரி அடியில் கையை விட்டு ஒரு கிழங்கை உருவினார். அவள் அதை வாங்கி, இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். உள்ளே வளையம் வளையமாகச் சிவப்பு. இன்னொரு பாதியை நறுக்கென்று கடித்தாள். உதடு, பல், மோவாய் எல்லாம் ரத்தக்களறி. கூட்டத்தில் ஒரு பெண் "மாரியாத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செல்லக்கண்ணு மென்றுகொண்டே, "தின்னு பாருங்க சாமி. தித்திப்பா இருக்கும். போத வந்தா எங்கிட்ட கேளுங்க" என்றாள்.

அதிகாரி தயங்கி ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். முகம் மாறியது. "அட, பீட்ரூட்டு! மெட்ராஸ் கிளப்புல தின்னிருக்கேன்யா!" என்று சிரித்தார். பதிமூன்று வருஷமாக வளர்த்த கிழங்குக்கு இன்னொரு பெயர் இருப்பது செல்லக்கண்ணுவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயர் எதுவானால் என்ன, சாக்கு வண்டியில் ஏறியது. வண்டி நகர்ந்ததும் சேவகன் தன் பங்குத் துண்டைக் கடித்துக்கொண்டு கை காட்டினான். இன்னாசிமுத்து திரும்பி வந்து, "நான் ஜெபம் பண்ணதாலதான் தப்பிச்ச" என்றார். செல்லக்கண்ணு சிவந்த வாயோடு அவரைப் பார்த்தாள். அவர் ஜெபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குத்துப்பட்ட இரண்டு கிழங்கு வழியிலேயே அழுகிவிட்டன. மிச்சம் இருபத்தொன்றையும் பல்லெல்லாம் கிடுகிடுக்க, தனக்கொடியின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவளே ஊட்டி மண்ணில் நட்டுவிட்டு வந்தாள். அப்புறம் காத்திருப்புதான். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. சுப்பராயலு கரும்புக் கரணைக்குச் சொல்லி வைத்துவிட்டார் என்று செய்தி வந்தது. செல்லக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. அவள் ஆறு மாதம் பேசாமல் இருந்து ஊர் அதுவரை பார்த்ததில்லை.

ஆவணியில் மாதா திருநாளுக்குத் தனக்கொடி பிள்ளையோடு வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். "ஆளு ஒசரம் கிளம்பிச்சி அத்த. பச்சப்பச்சையா சின்னப் பூவு, பாக்கவே லட்சணம் இல்ல. ஆனா காய்ச்சிது பாரு, கொத்துக் கொத்தா!"

முடிச்சு நிறைய, கரடுமுரடாக, பழுப்பு நிறத்தில் விதை. இரண்டு கை கொள்ளவில்லை. செல்லக்கண்ணு அதை மடியில் கொட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பதினாலு வருஷத்தில் அவள் பார்த்த அழகான பொருள் அதுதான்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பேயாட்டம் ஆடியது. கரையை உயர்த்தி உயர்த்திக் கட்டினாள். ஒரு வாரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வடிகால் வெட்டினாள். நாற்பத்திரண்டாம் வருஷம் தைப் பொங்கலுக்கு மறுவாரம், முப்பது குழியிலும் சிவந்த தோள்கள் மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்தன. அவள் பெரிய கூடை நிறையப் பிடுங்கி, இலையோடு, மண்ணோடு, நேரே மேர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினாள். ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. போன தையில் சிரித்த பத்துப் பேரும் வந்தார்கள். சுப்பராயலுவுக்கு ஆள் போயிற்று.

அவர் வந்தார். கூடையைப் பார்த்தார். ஒரு கிழங்கைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "கப்பல் வெததானே?" என்றார், குரல் இறங்கி.

"எந்தக் கப்பல் ஆண்டே வந்துச்சி?" என்றாள் செல்லக்கண்ணு. கூட்டத்தில் ஒருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேர் மீசையைத் தடவிக்கொண்டே, "நான்தானே சாட்சி, சுப்பராயலு?" என்றார். சுப்பராயலு நல்லவரா கெட்டவரா என்று விவாதிக்கலாம். சொன்ன சொல்லை ஊர் நடுவில் விழுங்குகிறவர் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வர்ற புதன்கிழம நொத்தேர்கிட்டப் போலாம்" என்றார்.

புதன்கிழமை காலையிலும் செல்லக்கண்ணு குசினிகளுக்குக் கிழங்கு நறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் நொத்தேர் வீட்டுக்கு வந்தாள். குமாஸ்தா பத்திரத்தைப் பிரெஞ்சில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தார். நாலு எல்லையும் சொன்னார். பழைய பத்திரத்தில் இருக்கிறபடி "உப்புக் கொல்லை" என்று எழுதியிருந்தார்.

"அது அப்போ. இப்போ பெத்ராவுக் கொல்ல. அப்பிடியே எழுதுங்க" என்றாள் அவள். குமாஸ்தா சுப்பராயலுவைப் பார்த்தார். சுப்பராயலு ஜன்னலைப் பார்த்தார். குமாஸ்தா அடித்துத் திருத்தி எழுதினார்.

கைநாட்டு வைக்க வேண்டும். செல்லக்கண்ணு இடது கையை நீட்டினாள். கட்டைவிரல் நகக்கண் வரை செக்கச்செவேலென்று பெத்ராவ் சாறு. குமாஸ்தா சிரித்தார். "மையே வேண்டாம்போல இருக்குதேம்மா. அப்படியே வை, பளிச்சுனு விழும்."

செல்லக்கண்ணு கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வீராம்பட்டினத்துத் தேரடியில் பழுப்பேறி நின்ற சேலை அவள் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது.

"வோணாங்க. இது ஒரே நாள்ல ஓடிப்பூடும்" என்று முந்தானையால் விரலை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். "நல்ல கறுப்பு மையா வையிங்க. போவாத மையி."

குமாஸ்தா மைத்தட்டை நகர்த்தினார். அவள் விரலை நன்றாக உருட்டி மை ஏற்றி, பெத்ராவுக் கொல்லை என்ற எழுத்துக்கு நேர் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நடவு நட்ட விரல். குமாஸ்தா போதும் என்று சொல்லும்வரை அவள் எடுக்கவில்லை.